பசுவை வாங்கிக் கொடுத்தோம், கன்றை மறந்தோம்: பிறந்த கன்றுகளைத் தாக்கும் ரோட்டா வைரஸ்

தாயகத்தில் உள்ள ஒரு குடும்பத்துக்கு வாழ்வாதார உதவி செய்யவேண்டும் என்று புலம்பெயர் நாட்டில் நாலு பேர் கூடினால், முதலில் வாயில் வருவது கறவைப் பசுதான். தையல் இயந்திரம், கோழிக்கூடு, சிறு கடை என்று பட்டியல் நீண்டாலும் பசுவுக்கு உள்ள மதிப்பு வேறு. வீட்டுப் பிள்ளைகளுக்குப் பால் கிடைக்கும், மிஞ்சியதைப் பால் சேகரிக்கும் இடத்தில் ஊற்றலாம், வருடம் போகக் கன்று பெருகும். கயிற்றைப் பிடித்தபடி நிற்கும் தாயும் பக்கத்தில் பசுவுமாக ஒரு படம் வரும். அதைப் பார்த்து நாமும் மனம் நிறைவோம்.

எங்கள் ஊரவர் சிலர் சேர்ந்து வன்னியில் கணவனை இழந்த ஒரு சகோதரிக்குச் சினைப்பசு ஒன்று வாங்கிக் கொடுத்தோம். அது நாகு கன்று ஒன்றைப் போட்டது. எட்டாம் நாள் காலை அழைப்பு வந்தது.

"அண்ணை, கண்டுக்கு ரெண்டு நாளா வயித்தாலை போனது. பால் குடிச்சாக் கூடப் போகுமெண்டு பாலை நிப்பாட்டிப் பாத்தனான். விடிய எழும்பிப் பாக்கச் செத்துக் கிடக்குது."

கடும்புப்பால் எப்போது கொடுத்தீர்கள் என்று கேட்டேன். "இளங்கொடி விழப் பொழுதுபட்டிட்டுது அண்ணை. அது விழுந்தாப் பிறகுதானே ஊட்ட விடுறது" என்றார்.

அந்தச் சகோதரி எதையும் அலட்சியமாகச் செய்யவில்லை. பாட்டன் பூட்டன் காலத்து வழக்கப்படியே செய்தார். பசுவின் விலையைச் சதக்கணக்குப் பார்த்துச் சேர்த்த நாங்கள்தான் கன்றைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தக் கன்றை எந்தக் கிருமி கொன்றது என்று எவரும் சோதிக்கவில்லை. ஆனால் பிறந்து இரண்டு கிழமைக்குள் கழிந்து சாகும் கன்றுகளின் கதையில் உலகம் முழுவதும் திரும்பத் திரும்ப வரும் பெயர் ரோட்டா வைரஸ். அதன்பின் தேடிப் படித்தவற்றையும் கால்நடை வைத்தியம் தெரிந்தவர்களிடம் கேட்டு அறிந்தவற்றையும் இங்கே தொகுத்துத் தருகிறேன். உதவி செய்யும் எம்மவருக்கும் உதவி பெறும் வீடுகளுக்கும் இது பயன்படும்.

கன்று போனால் என்ன, பசு இருக்கிறதே என்று சிலர் நினைக்கலாம். எங்கள் ஊர் மாடுகளும் அவற்றோடு கலந்த இனங்களும் பெரும்பாலும் கன்று முட்டி ஊட்டினால்தான் பால் சுரக்கும். கன்று செத்தால் பசு பாலை மறைத்துவிடும். செத்த கன்றின் தோலில் வைக்கல் அடைத்துப் பசுவின் முன் நிறுத்திப் பால் கறந்த காலத்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆகவே ஒரு கன்றின் சாவு பல வீடுகளில் அந்த ஈற்றின் பாலையே குறைத்துவிடுகிறது. செத்தது நாகு கன்றென்றால் மூன்று வருடத்தில் வரவேண்டிய இன்னொரு கறவையும் அதோடு போகிறது.

எந்த நாளில் எந்தக் கிருமி

கன்றுக் கழிச்சல் என்பது ஒரே நோய் அல்ல. பல கிருமிகள் ஒரே அறிகுறியைக் காட்டுகின்றன. கன்றின் வயதைக் கேட்டால் ஓரளவுக்கு ஊகிக்கலாம். பிறந்து முதல் நான்கு நாளுக்குள் தண்ணீராகக் கழிந்தால் ஈ கோலை என்ற பக்டீரியாவின் ஒரு வகையைச் சந்தேகிப்பார்கள். ஏறத்தாழ 5 ஆம் நாளிலிருந்து 14 ஆம் நாள் வரை ரோட்டா வைரஸின் காலம். கொரோனா வைரஸின் மாட்டு வகையும், கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியும் ஏறக்குறைய இதே வயதில் முதல் மூன்று கிழமைக்குள் வருகின்றன. சல்மொனெல்லா எந்த வயதிலும் வரலாம். அதில் காய்ச்சலும் சாணத்தில் இரத்தமும் காணப்படுவதுண்டு. ஒரே கன்றில் இரண்டு மூன்று கிருமிகள் சேர்ந்திருப்பதும் வழமை. அப்படிச் சேர்ந்து வரும்போதுதான் சாவு அதிகம்.

ரோட்டா வைரஸ் வாய் வழியாக உள்ளே போகிறது. சாணம் பட்ட முலைக்காம்பு, அழுக்கு வாளி, நனைந்த படுக்கை, கழிந்த கன்றைத் தொட்ட கை என்று வழிகள் பல. கிருமி உட்சென்று ஒரு நாளிலிருந்து மூன்று நாளுக்குள் கன்று சோர்ந்து, பால் குடிக்க மனமின்றி, மஞ்சளாகவோ வெளிறிய நிறத்திலோ தண்ணீராகக் கழியத் தொடங்கும். நோயுற்ற கன்றின் ஒரு கிராம் சாணத்தில் 1000 கோடி வரையான வைரஸ் துகள்கள் இருக்கக்கூடும். வெளிப்பார்வைக்கு நல்ல சுகத்தோடு நிற்கும் வளர்ந்த மாடுகளும் சிறிதளவு வைரஸை வெளிவிடுகின்றன. போதாததற்கு இந்த வைரஸ் சாணத்திலும் ஈர மண்ணிலும் மாதக்கணக்கில் உயிர்ப்போடு கிடக்கும். ஆகையால் மாட்டுக்கொட்டில் உள்ள இடத்தில் இந்தக் கிருமியே அண்டாமல் ஒரு கன்றை வளர்ப்பது நடைமுறையில் முடியாத காரியம். கிருமி வரும்போது கன்று தயாராக இருக்கிறதா என்பதைத்தான் நாம் பார்க்கவேண்டும்.

குடலுக்குள் நடப்பது

சிறுகுடலின் உட்சுவர் முழுவதும் விரல் போன்ற சடைமுளைகள் நெருக்கமாக இருக்கின்றன. பாலைச் சமிக்கச் செய்வதும் சத்தையும் நீரையும் உறிஞ்சுவதும் அவற்றின் மேற்பகுதியில் உள்ள முதிர்ந்த கலங்கள். ரோட்டா வைரஸ் குறிபார்த்துத் தாக்குவது அந்தக் கலங்களைத்தான். அவை செத்து உதிர, சடைமுளைகள் கட்டையாகின்றன. அடியிலிருந்து புதிய கலங்கள் மேலே வந்து இடத்தை நிரப்பினாலும், உறிஞ்சும் வேலைக்கு அவை முதிரச் சில நாட்கள் எடுக்கும்.

இதற்கிடையில் பாலில் உள்ள இலக்ரோசு என்ற வெல்லம் சமிக்காமல் குடலில் தேங்கி, உடலிலிருந்து நீரை இழுக்கிறது. வைரஸ் உண்டாக்கும் ஒரு புரதமும் குடற்கலங்களைத் தூண்டி நீரைச் சுரக்க வைக்கிறது. நீரோடு சோடியமும் பைகாபனேற்றும் வெளியேறுகின்றன. இரத்தம் அமிலத் தன்மை அடைகிறது. பொட்டாசியத்தின் சமநிலை குழம்பி இதயத்தின் துடிப்பைப் பாதிக்கிறது.

இதில் மனதில் இருத்தவேண்டிய விடயம் ஒன்று உண்டு. கன்றைக் கொல்வது பெரும்பாலும் நீரிழப்பும் அதனோடு வரும் அமிலத்தன்மையும்தான். குடலின் புண் தானாகவே ஒரு கிழமைக்குள் ஆறத் தொடங்கிவிடும். அந்தச் சில நாட்களுக்கு நீரும் உப்பும் சத்தும் கொடுத்துக் கன்றைத் தாங்கிப் பிடித்தால் அது பிழைத்துக்கொள்ளும்.

வெறுங்கையோடு பிறக்கும் கன்று

மனிதக் குழந்தை கருப்பையில் இருக்கும்போதே தாயின் இரத்தத்திலுள்ள பிறபொருளெதிரிகளில் ஒரு பகுதியைப் பெற்றுவிடுகிறது. நோயை எதிர்க்கும் அந்தப் புரதங்கள் நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குள் வந்து சேர்கின்றன. மாட்டின் நஞ்சுக்கொடி அமைப்பு வேறு. தாயின் இரத்தத்துக்கும் கன்றின் இரத்தத்துக்கும் இடையே பல படைகள் இருப்பதால் பிறபொருளெதிரிகள் கடந்து வர முடிவதில்லை. ஆகவே கன்று கிட்டத்தட்ட எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் பிறக்கிறது. அதற்குரிய பங்கு முழுவதையும் தாய் மடியில் சேர்த்து வைத்திருக்கிறது. அதுதான் கடும்புப்பால். தமிழ்நாட்டில் சீம்பால் என்பார்கள்.

கடும்புப்பாலில் உள்ள பிறபொருளெதிரிகள் பெரிய மூலக்கூறுகள். சாதாரணமாகக் குடல் அவற்றை முழுதாக உள்ளே விடாது. பிறந்த கன்றின் குடல் மட்டும் சில மணி நேரம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. முதல் 6 மணி நேரம் போனபின் கதவு சாத்தத் தொடங்கும். 24 மணி நேரத்தில் ஏறத்தாழ முழுவதும் பூட்டிவிடும். அதன்பின் எத்தனை லீற்றர் கொடுத்தாலும் அது உணவாகுமே தவிர, இரத்தத்தில் பாதுகாப்பாகச் சேராது. பாலின் பக்கத்திலும் இதே அவசரம் உண்டு. முதற் கறவையில்தான் பிறபொருளெதிரிகள் அதிகம். அடுத்த கறவையிலேயே வெகுவாகக் குறைந்துவிடும்.

இந்த இடத்தில்தான் எங்கள் வழக்கம் ஒன்று கன்றுக்கு எதிராக வேலை செய்கிறது. இளங்கொடி விழுமுன் கன்றை ஊட்ட விட்டால் பசுவுக்குக் கூடாது, கொடி விழாது என்ற எண்ணம் ஊரில் பலரிடம் இருக்கிறது. உண்மை இதற்கு நேர்மாறானது. கன்று ஊட்டும்போது பசுவின் உடலில் ஒக்ஸிடோசின் என்ற சுரப்பு ஊறி, பால் இறங்குவதோடு கருப்பையும் சுருங்குகிறது. அது கொடி விழுவதற்கு உதவியே தவிர இடைஞ்சல் அல்ல. கொடி வழமையாக 12 மணி நேரத்துக்குள் விழுந்துவிடும். 24 மணி நேரம் கடந்தும் விழாவிட்டால் அதற்குக் கால்நடை வைத்தியரை அழைக்கவேண்டும். விழுந்த கொடியை உமலில் கட்டி ஆலமரத்தில் தூக்கும் வழக்கத்தை யாரும் விடவேண்டியதில்லை. அதற்காகக் கன்றைக் காக்க வைக்காமல் இருந்தால் போதும்.

எவ்வளவு கொடுப்பது? கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது எளிதான கணக்கு. 25 கிலோ எடையுள்ள கன்றுக்கு 2.5 லீற்றர். மடியையும் காம்பையும் கழுவித் துடைத்துவிட்டு, பிறந்து 2 மணி நேரத்துக்குள், பிந்தினால் 4 மணி நேரத்துக்குள் இதைக் குடிக்கச் செய்யவேண்டும். ஒரே மூச்சில் குடிக்காவிட்டால் இரண்டு முறையாகக் கொடுக்கலாம். 12 மணி நேரத்துக்குள் இன்னொரு முறை கொடுக்கவேண்டும். கன்று எழுந்து நின்று தானாக ஊட்டினால் நல்லது, ஆனால் ஊட்டியிருக்கும் என்று நம்பிக்கொண்டு போய்ப் படுக்கக் கூடாது. நிற்க முடியாமல் இருந்தால் கறந்து, சூப்பி பூட்டிய போத்தலில் உடற்சூட்டோடு கொடுக்கவேண்டும். காய்ச்சக் கூடாது. காய்ச்சினால் பால் கட்டிபடுவதோடு அதிலுள்ள பாதுகாப்பும் அழிந்துவிடும். கடும்பைக் காய்ச்சிச் சர்க்கரை போட்டு வீட்டில் உண்பது எங்களுக்குப் பிடித்தமானதுதான். கன்றின் பங்கு முதலில் வயிற்றுக்குள் போனபிறகு மிஞ்சினால் அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஐந்தாம் நாள் ஏன் ஆபத்தான நாள்

கடும்புப்பாலை நேரத்துக்குக் குடித்த கன்றுக்கும் ஆறாம் ஏழாம் நாளில் கழிச்சல் வருவதுண்டு. இதற்குக் காரணம் ரோட்டா வைரஸ் போர் தொடுக்கும் இடம். அது இரத்தத்தில் சுற்றித் திரிவதை விட, குடலின் உட்பக்கத்திலேயே அதிகம் வேலை செய்கிறது. இரத்தத்தில் சேர்ந்த பிறபொருளெதிரிகள் மற்றக் கிருமிகள் உடலெங்கும் பரவாமல் தடுத்து உயிரைக் காக்கின்றன. ரோட்டா வைரஸைத் தடுக்கவோ பிறபொருளெதிரி குடலுக்குள்ளேயே, பாலோடு பாலாக நின்று கிருமியைப் பிடிக்கவேண்டும். பசுவின் பாலில் அந்த அளவு மூன்றாம் நான்காம் நாளுக்குப் பின் மிகவும் தாழ்ந்துவிடுகிறது. நோய் ஐந்தாம் நாளளவில் தலைகாட்டுவதற்கு இது முக்கிய காரணம்.

இதிலிருந்து இரண்டு பாடங்கள். முதலாவது, கன்று போட்ட முதல் நான்கைந்து நாட்களின் பாலை வீட்டுக்கோ விற்பனைக்கோ எடுக்காமல் கன்றுக்கே விடவேண்டும். பாலை நம்பிக் கடன் வாங்கியிருக்கும் வீட்டுக்கு இது கடினமான சொல் என்பது தெரியும். ஆனால் அந்தப் பால் நல்ல விலைக்குப் போவதும் இல்லை. இரண்டாவது, முதல் நாளில் மிஞ்சும் கடும்புப்பாலைக் குளிர்ப்பெட்டியின் உறைநிலைப் பகுதியில் சிறு போத்தல்களில் சேமித்து, இரண்டு கிழமை வரை ஒவ்வொரு முறையும் பாலோடு சிறிது கலந்து கொடுத்தால் குடலுக்குள் காவல் நீடிக்கும். உறைந்ததை இளஞ்சூட்டு நீரில் வைத்து உருக்கவேண்டும். கொதிநீர் கூடாது.

சினைப்பசுவுக்குப் போடும் தடுப்பூசிகளும் இதே வழியில்தான் வேலை செய்கின்றன. ஐரோப்பாவில் பாவிக்கப்படும் ஒரு ஊசி, ரோட்டா, கொரோனா, ஈ கோலை மூன்றுக்கும் சேர்த்து, கன்று போடுவதற்கு 12 முதல் 3 கிழமைகளுக்கு முன் ஒரு முறை பசுவுக்குப் போடப்படுகிறது. அதனால் கடும்புப்பாலிலும் தொடர்ந்து வரும் பாலிலும் பிறபொருளெதிரி கூடுகிறது. கன்று அந்தப் பாலைக் குடிக்காவிட்டால் ஊசியால் பயனில்லை. ஊரில் இத்தகைய ஊசி கிடைக்குமா என்பதை அந்தப் பகுதிக் கால்நடை வைத்தியரிடம் பசு சினையாக இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

கழியத் தொடங்கினால்

முதலில் கன்றைத் தனியே பிரித்துக் காய்ந்த, காற்றுப் படாத இடத்தில் கட்டவேண்டும். பின் எவ்வளவு நீர் இழந்திருக்கிறது என்று பார்க்கவேண்டும். கழுத்துத் தோலை இரண்டு விரலால் கிள்ளி விட்டால் நல்ல கன்றில் உடனே படியும். சில வினாடிகள் கூடாரம் போல நின்றால் நீர் குறைந்துவிட்டது. கண் குழி விழுந்து இமைக்கும் விழிக்கும் இடையே இடைவெளி தெரிவதும் அதே செய்திதான். சுத்தமான விரலை வாயில் வைத்துப் பார்க்கவேண்டும். நன்றாகச் சூப்பினால் வாய் வழியே காப்பாற்றலாம். சூப்பாமல், எழும்பாமல், வாயும் கால்களும் குளிர்ந்து கிடந்தால் நாளத்தின் வழியே சேலைன் ஏற்றவேண்டும். அப்போது வைத்தியரை அழைப்பதில் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. சூப்பாத கன்றின் வாயில் போத்தலால் ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய்விடும்.

25 கிலோ கன்று தன் எடையில் 8 வீதம் நீரை இழந்திருந்தால், குறைந்தது 2 லீற்றர் ஏற்கெனவே போய்விட்டது. அதற்கு மேல் நாள் முழுவதும் கழிந்துகொண்டே இருக்கிறது. ஆகவே பாலுக்கு மேலதிகமாக நாளொன்றுக்கு 2 முதல் 4 லீற்றர் வரை உப்புநீர்க் கரைசல், ஒரு முறைக்கு ஒரு லீற்றராக, இளஞ்சூட்டில் கொடுக்கவேண்டியிருக்கும். கன்றுகளுக்கென்று விற்கும் கரைசல் தூள் கிடைத்தால் அதுவே சிறந்தது. கிடைக்காத அவசரத்தில், குழந்தைகளுக்குக் கொடுக்கும் ஜீவனியைப் பொதியில் சொன்ன அளவு நீரில் கரைத்துக் கொடுக்கலாம். அதுவும் இல்லையென்றால், கொதித்து ஆறிய ஒரு லீற்றர் நீரில் உப்பு ஒரு மட்டத் தேக்கரண்டி, அப்பச்சோடா அரைத் தேக்கரண்டி, குளுக்கோஸ் தூள் இரண்டு மேசைக்கரண்டி. இது வைத்தியர் வரும்வரைக்கான முதலுதவி மட்டுமே.

இங்கே ஒரு எச்சரிக்கை. பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வந்தால் உப்பும் சீனியும் கரைத்துக் கொடுத்துப் பழகிய கைகள் எங்களுடையவை. கன்றுக்குச் சீனி கூடாது. சீனியைச் சமிக்கச் செய்யும் நொதியம் கன்றின் குடலில் இல்லை. சமிக்காத சீனி இன்னும் நீரை இழுத்துக் கழிச்சலைக் கூட்டும். குளுக்கோஸ்தான் வேண்டும். அது சோடியத்தையும் நீரையும் தன்னோடு குடலுக்குள்ளிருந்து உடலுக்கு இழுத்துச் செல்கிறது.

அடுத்தது பாலை நிறுத்துவது. பால் குடித்தால் கழிகிறது, ஆகவே நிறுத்துவோம் என்பது கேட்க நியாயமாகவே படும். ஆனால் பிறந்த கன்றின் உடலில் சேமிப்புக் கொழுப்பு மிகக் குறைவு. கரைசலில் உயிரைப் பிடித்து வைக்கும் அளவுக்குச் சத்து இல்லை. இரண்டு நாள் பாலில்லாத கன்று பட்டினியாலும் குளிராலும் தளர்ந்துவிடும். குடல் ஆறுவதற்கும் அந்தச் சத்துத்தான் வேண்டும். ஆகவே பாலைச் சிறிது சிறிதாகப் பல முறை கொடுக்கவேண்டும். பாலையும் கரைசலையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. கரைசலில் உள்ள சோடா, இரைப்பையில் பால் திரள்வதைக் குழப்பும். இரண்டுக்கும் இடையே இரண்டு மணி நேரம் விட்டால் போதும்.

நுண்ணுயிர்கொல்லி மருந்து வைரஸைக் கொல்லாது. காய்ச்சல், சாணத்தில் இரத்தம், கடும் சோர்வு இருந்தால் பக்டீரியாவும் சேர்ந்திருக்கலாம். அதைத் தீர்மானிப்பது வைத்தியரின் வேலை. கன்றின் சாதாரண உடற்சூடு 38.5 முதல் 39.5 பாகை செல்சியஸ். வீட்டில் ஒரு வெப்பமானி இருந்தால் தொலைபேசியிலேயே வைத்தியருக்குத் தெளிவாகச் சொல்லலாம்.

கொட்டிலைப் பொறுத்தவரை, ஈரமும் சாணமும்தான் எதிரி. சாணத்தின் மேல் எந்தக் கிருமிநாசினி ஊற்றினாலும் பலனில்லை. முதலில் வழித்துக் கழுவி, பின்னர் வெளிற்றும் தூள் கரைசல் போட்டு, வெயிலில் காயவிட வேண்டும். பால் வாளியும் சூப்பியும் ஒவ்வொரு முறையும் கழுவப்படவேண்டும். சுகமான கன்றுக்கு முதலில் பால் கொடுத்துவிட்டு, கழியும் கன்றைக் கடைசியாகக் கவனிக்கவேண்டும். பிள்ளைகள் கழியும் கன்றோடு விளையாடாமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம். கிரிப்டோஸ்போரிடியமும் சல்மொனெல்லாவும் மனிதருக்கும் தொற்றும். கொட்டிலை விட்டு வந்தால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவவேண்டும்.

கன்றிலிருந்து எங்கள் குழந்தைகளுக்கு

இந்த வைரஸின் வரலாறு எங்கள் வீட்டுக் குழந்தைகளையும் தொடுகிறது. அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் சார்ள்ஸ் மீபஸும் அவரது குழுவினரும், கன்றுக் கழிச்சலுக்குக் காரணம் ஒரு வைரஸ் என்பதை 1969 இல் காட்டினார்கள். நான்கு வருடம் கழித்து, 1973 இல், அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரில் ரூத் பிஷப்பும் அவரது சகாக்களும் கடும் வயிற்றோட்டத்தால் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் சிறுகுடல் திசுவை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது, வைரஸ் துகள்களைக் கண்டார்கள். இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமில் தோமஸ் ஃபிளுவெட், குழந்தைகளின் வைரஸும் கன்றுகளின் வைரஸும் உறவுக்காரர் என்று எடுத்துக்காட்டினார். சக்கரம் போன்ற அதன் தோற்றத்தைக் கொண்டு, சக்கரத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் ரோட்டா என்று பெயரிட்டவரும் அவரே.

2000 ஆம் ஆண்டளவில் உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 5 இலட்சம் குழந்தைகள் ஆண்டுதோறும் இந்த வைரஸால் இறந்ததாக மதிப்பிடப்பட்டது. அதற்கு எதிரான தடுப்பு மருந்தைத் தேடியபோது கன்றின் வைரஸே கைகொடுத்தது. கன்றின் வைரஸ் மனிதக் குழந்தையில் பெரும்பாலும் நோயை உண்டாக்காது, ஆனால் உடலுக்கு எதிர்ப்பைக் கற்றுக்கொடுக்கும். 1980களின் தொடக்கத்தில் நெப்ராஸ்காக் கன்று வைரஸிலிருந்து செய்த மருந்து பின்லாந்தில் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்க்கப்பட்டது. 2006 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரோட்டாடெக், பென்சில்வேனியாவில் ஒரு கன்றிலிருந்து பெற்ற வைரஸை அடிப்படையாகக் கொண்டது. இந்தியாவில் உருவான ரோட்டாவாக்கின் வைரஸ் டெல்லியில் பிறந்த குழந்தைகளிடமிருந்து பெறப்பட்டது. அந்த மனித வைரஸுக்குள் ஒரு மரபணுத் துண்டு மாட்டு வைரஸிலிருந்து இயற்கையாகவே வந்து சேர்ந்திருந்தது. அந்த மருந்தின் பெரும் பரிசோதனை நடந்த மூன்று இடங்களில் தமிழ்நாட்டின் வேலூரும் ஒன்று. அங்கு கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ரோட்டா வைரஸை நீண்டகாலம் ஆராய்ந்த ககன்தீப் காங், 2019 இல் இலண்டன் ரோயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தெரிவு செய்யப்பட்ட முதல் இந்தியப் பெண்.

ஐக்கிய இராச்சியத்தில் 2013 முதல் குழந்தைகளுக்கு வாய்வழித் துளியாகக் கொடுக்கப்படுவது மனித வைரஸிலிருந்து செய்தது. எந்த வகையாக இருந்தாலும், எங்கள் பேரப்பிள்ளைகள் பல நாடுகளில் இரண்டாம் மாதத்தில் வாங்கும் அந்தத் துளிகளுக்குப் பின்னால் கழிந்து செத்த கன்றுகளைப் பற்றிய ஆராய்ச்சியும் இருக்கிறது. குழந்தைக்குக் கொடுக்கும் அந்தக் கவனத்தில் ஒரு பங்கு கன்றுக்கும் உரியது.

நாம் செய்யக்கூடியது

பசு வாங்கிக் கொடுக்கும் அமைப்புகளும் குடும்பங்களும் பசுவின் விலையோடு சில சிறு பொருட்களையும் கணக்கில் சேர்க்கலாம். சூப்பி பூட்டிய போத்தல், வெப்பமானி, குளுக்கோஸ் பொதி, கரைசல் தூள், வெளிற்றும் தூள், ஒரு சாக்குக் காய்ந்த வைக்கல். பசுவின் விலையோடு பார்த்தால் இவை பெரிய செலவல்ல. அந்தப் பகுதிக் கால்நடை வைத்தியரின் தொலைபேசி இலக்கத்தைப் பசு கைமாறும் நாளிலேயே எழுதிக் கொடுக்கவேண்டும். கன்று போடும் காலம் நெருங்கும்போது நாம் எடுக்கும் அழைப்பில் இந்தக் கேள்விகள் இருக்கட்டும்:

1. கன்று பிறந்து எத்தனை மணி நேரத்தில் கடும்புப்பால் குடித்தது? எவ்வளவு குடித்தது?
2. தொப்புள் கொடிக்கு அயடின் போட்டாயிற்றா?
3. முதல் ஐந்து நாள் பாலும் கன்றுக்கே போகிறதா?
4. படுக்கை காய்ந்திருக்கிறதா?
5. கழிகிறதா? கழிந்தால் பால் தொடர்கிறதா, கரைசல் எத்தனை முறை போகிறது, விரலைச் சூப்புகிறதா?

நாம்பன் கன்றென்றால் கவனம் குறைவது எல்லா இடத்திலும் உண்டு. பசுவைச் சுரக்க வைக்க அதுவும் தேவை என்பதையும், அது கழிந்தால் கொட்டிலுக்கே கிருமி பெருகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நாங்கள் வாங்கிக் கொடுத்த அந்தப் பசு மறுபடியும் சினையாக இருக்கிறது. இம்முறை போத்தலும் குளுக்கோஸும் போய்ச் சேர்ந்துவிட்டன. வைத்தியரின் இலக்கம் கொட்டில் மரத்தில் எழுதி ஒட்டப்பட்டிருக்கிறது. போன கிழமை அந்தச் சகோதரி எடுத்தபோது, "இளங்கொடியைப் பாத்துக்கொண்டு நிக்கமாட்டன் அண்ணை, எழும்பின உடனை ஊட்ட விடுறன்" என்றார். எழும்பாவிட்டாலும் கறந்து கொடுங்கோ தங்கச்சி, பொழுது பார்க்க வேண்டாம் என்று சொன்னேன்.